லேப்டாப், டேப்லெட் ரிப்பேரா? வீட்டிலேயே எதைச் சரிசெய்யலாம்... எதைத் தொடவே கூடாது?

நேற்று வரை நன்றாக ஓடிய லேப்டாப் இன்று ஆன் ஆகவில்லை. கடைக்குப் போனால் 'போர்டு போயிடுச்சு'ன்னு சொல்லிடுவாங்களோ என்ற பயம் பலருக்கும் உண்டு. ஆனால், அடிக்கடி வரும் பல கோளாறுகளை ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே சரிசெய்யலாம். அதே நேரம், இரண்டு பாகங்களில் கைவைத்தால் உயிருக்கே ஆபத்து. என்னென்ன என்று பார்க்கலாம்.

கழற்றுவதற்கு முன்பு...

லேப்டாப் இன்னும் ஆன் ஆகும் நிலையில் இருந்தால், போட்டோ, சான்றிதழ் போன்ற முக்கியமான ஃபைல்களை முதலில் வேறு இடத்தில் சேமித்துவிடுங்கள். லேப்டாப்புக்கு வேறொன்று வாங்கலாம். அழிந்துபோன ஃபைலை வாங்க முடியாது. விண்டோஸ் லேப்டாப்பில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், அதன் 48 இலக்க ரெக்கவரி எண்ணையும் குறித்து வையுங்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் அந்த எண்ணைக் கேட்கும்.

ஆன் ஆகவில்லையா?

* முதலில் வேறு பிளக் பாயின்ட், அதே அளவுள்ள வேறு சார்ஜர் போட்டுப் பாருங்கள்.
* சார்ஜரைக் கழற்றிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜர் போட்டு ஆன் செய்யுங்கள்.
* ஃபேன் ஓடுது, ஆனா திரை கறுப்பா இருக்கா? ஹெச்.டி.எம்.ஐ கேபிள் மூலம் டிவியில் இணையுங்கள். டிவியில் படம் வந்தால், பெரும்பாலும் கோளாறு திரையிலோ அதன் கேபிளிலோதான். போர்டு போகவில்லை.

ரொம்ப ஸ்லோவா இருக்கா?

பழைய லேப்டாப்பில் சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால், அதற்குப் பதில் 2.5 இன்ச் சாட்டா எஸ்.எஸ்.டி. மாட்டினாலே வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியும். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினி திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் கிடைத்த லேப்டாப்களுக்கும் இது பொருந்தும்.

ரேம் வாங்கும்போது கவனம். டிடிஆர்3 இருக்கும் இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே சால்டரிங் செய்யப்பட்டிருக்கும். அதை மாற்ற முடியாது.

திறக்கும்போது சார்ஜரைப் பிடுங்கி, உள்ளே பேட்டரி கனெக்டரை முதலில் கழற்றுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் மொபைலில் போட்டோ எடுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூ இடத்தில் முடுக்கினால் போர்டே சேதமாகலாம். அதனால் எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்பதைப் பேப்பரில் வரைந்து வையுங்கள்.

தண்ணீர், டீ கொட்டிவிட்டதா?

உடனே சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்து, தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். அரிசியில் புதைப்பதால் பயனில்லை. 'வேலை செய்யுதா'ன்னு ஆன் செய்து பார்ப்பதுதான் பெரிய தவறு. ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் போர்டு ஷார்ட் ஆகிவிடும்.

தொடவே கூடாத 2 பாகங்கள்

1. உப்பிய பேட்டரி: டச்பேட் மேலே எழும்புவது, கீபோர்டு புடைப்பது, மூடி சரியாக மூடாமல் போவது, டேப்லெட்டின் திரை ஓரம் பிரிவது ஆகியவை இதன் அறிகுறிகள். லித்தியம் பேட்டரிக்குள் வாயு சேர்வதால் இப்படி உப்புகிறது. அழுத்தினாலோ, குத்தினாலோ, கத்தியால் நெம்பினாலோ உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். உடனே ஆஃப் செய்து, சார்ஜ் போடுவதை நிறுத்தி, துணி, மெத்தை பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். சர்வீஸ் சென்டரிடம் ஒப்படையுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள்.

2. டெஸ்க்டாப்பின் எஸ்.எம்.பி.எஸ்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இதன் கெப்பாசிட்டர்களில் உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கும். பெட்டியைத் திறக்காமல் அப்படியே வேறு மாற்றுங்கள்.

டேப்லெட் என்றால்?

இதில் திரையும் பேட்டரியும் பெரும்பாலும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். சூடுபடுத்திப் பிரிக்கும்போது கண்ணாடி உடையலாம். பேட்டரியில் கீறல் விழலாம். எனவே வீட்டில் ரீஸ்டார்ட், ஃபேக்டரி ரீசெட், ஆஃப் செய்துவிட்டுச் சார்ஜிங் ஓட்டையில் உள்ள பஞ்சை மரக்குச்சியால் மெதுவாக எடுப்பது, இதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ரீசெட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

வாரண்டி இருக்கிறதா?

வாரண்டி இருந்தால் ஸ்க்ரூவைத் தொடும் முன் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-ல் 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. சர்வீஸில் பிரச்சினை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

சுருக்கமாகச் சொன்னால், ஸ்க்ரூவால் கழற்றக்கூடியதை முயற்சி செய்யலாம். பசையால் ஒட்டியதையும் உப்பியதையும் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவதே பாதுகாப்பு.