செம்மணி கடந்த கடல்

மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து கீழடி அதிக தூரமில்லை. அங்கே 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில், தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கிறது. கண்ணாடி மணிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கடுகைவிடச் சற்றுப் பெரிய மணியை எவ்வளவு நேரம் பார்ப்பது என்று தோன்றலாம். ஆனால் தென்னிந்தியா கடல் கடத்தி அனுப்பிய சரக்குகளில் இத்தகைய மணி அளவுக்குத் தொலைதூரம் போய்ச் சேர்ந்தவை குறைவு.

அந்த மணிகளில் செங்கல் நிறத்தில், ஒளி ஊடுருவாமல் இருக்கும் சிவப்பு மணியின் கதையை மட்டும் சொல்கிறேன். புதுச்சேரிக்குப் பக்கத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டில் இது ஏராளமாகக் கிடைத்தது.

மணலும் உவர்மண்ணும் உருகினால் கண்ணாடி. அதில் சிறிதளவு செம்பு சேர்த்தால் நிறம் வரும். என்ன நிறம் என்பதை முடிவு செய்வது உலையின் காற்று. காற்று தாராளமாகப் புகுந்தால் செம்பு ஆக்சிஜனோடு சேர்ந்து பச்சை கலந்த நீலம் தரும். காற்றை அடக்கி, புகை சூழ வைத்தால் அதே செம்பு ஆக்சிஜனை இழக்கும். சூடு தணிகையில் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகத் திரண்டு சிவப்பாகும். குழம்பில் இரும்போ வெள்ளீயமோ கொஞ்சம் இருந்தால் இந்த மாற்றத்துக்குத் துணை செய்யும். காற்று கொஞ்சம் கூடிப்போனாலும் சிவப்பு கெட்டுவிடும். வெப்பமானியும் வாயு அளவியும் இல்லாத காலத்தில், தீயின் நிறத்தையும் புகையின் அடர்த்தியையும் பார்த்தே பதம் அறிந்தவர்கள் இதைச் செய்தார்கள். அதை ஆய்வுக்கூடத் திறமைக்குக் குறைவாக நான் மதிக்க மாட்டேன்.

மணி உருவான விதத்தைத் தெரிந்துகொள்ள ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டை உதவியது. திருப்பதிப் பக்கத்து ஊர். இருபதாம் நூற்றாண்டிலும் அங்கே பழைய முறை உயிரோடு இருந்தது. இரும்புக் குழாயின் நுனியில் கண்ணாடிக் குழம்பைப் பெரிய கூம்பாகத் திரட்டி, நடுவில் துளையிட்டு, உலைக்குள் வைப்பார்கள். வெளியே நிற்பவர் அதன் முனையைப் பிடித்து இழுக்க இழுக்க, துளை மூடாமலே மெல்லிய குழாய் நீண்டுகொண்டே வரும். ஒரு கூம்பு தீர மணிக்கணக்கில் ஆகும். குழாய்களைப் பொடிப்பொடியாக நறுக்கி, சாம்பலோடு கலந்து மறுபடி சூடேற்றுவார்கள். துளைக்குள் புகுந்த சாம்பல் அதை அடைபடாமல் காக்கும். வெட்டு விளிம்புகள் இளகி உருளும். பழைய மணியை உருப்பெருக்கியில் வைத்தால், உள்ளே சிக்கிய காற்றுக் குமிழிகள் துளையின் போக்கிலேயே நீண்டு கிடக்கும். இழுத்துச் செய்த மணி என்பதற்கு அதுவே சாட்சி. கம்பியில் சுற்றிச் செய்திருந்தால் குமிழிகள் துளையைச் சுற்றி வளைந்திருக்கும்.

பிறகு கடல் பயணம். அலைகடல் தாண்டி இலங்கை, தாய்லாந்தின் தென்கரை, வியட்நாமின் ஓக் ஏயோ என்று இந்த வகை மணிகள் பரவின. பீட்டர் பிரான்சிஸ் என்ற மணி ஆய்வாளர் இவற்றுக்கு ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று பெயரிட்டார். திமோரில் பழைய சிவப்பு மணிகள் இன்றும் குடும்பச் சொத்து. திருமணச் சீரில் கைமாறுகின்றன. போன இடங்களிலேயே சிலர் மணி செய்யக் கற்றுக்கொண்டார்கள் என்பதால், பார்த்தவுடன் ஊர் சொல்ல முடியாது. அங்கேதான் வேதியியல் கைகொடுக்கிறது. கண்ணாடியில் யுரேனியம் குறைந்து பேரியம் மிகுந்திருந்தால், தென்னிந்தியா, இலங்கைப் பக்கத்து மணலை நோக்கி ஆய்வாளர்கள் விரல் நீட்டுகிறார்கள். யுரேனியம் மிகுந்த வகை வேறு. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் கிடைப்பதில் அது உண்டு.

1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, ரோமாபுரிப் பானையோடுகளே உலகின் கண்ணில் பெரிதாகப் பட்டன. இங்கே வந்திறங்கியது பேசப்பட்ட அளவுக்கு, இங்கிருந்து கப்பலேறியது பேசப்படவில்லை. ரோம வணிகத்தைப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளைக் கீழடிக்கு அழைத்துப் போகும்போது மணிப் பேழையின் முன் பத்து நிமிடம் நிறுத்துங்கள். செம்பு நீலமாவதும் சிவப்பாவதும் ஏன் என்று அந்த இடத்திலேயே சொல்லிக்கொடுங்கள்.