டெட்ராய்ட்: நகர வீடும் புறநகர வீடும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கனடாவைப் பார்த்தபடி டெட்ராய்ட் ஆற்றங்கரையில் அமைந்த நகரம் டெட்ராய்ட். கார்த் தொழிலால் வளர்ந்து, அத்தொழிலாலேயே சரிந்து, 2013இல் திவால் மனு கொடுத்து, பின்னர் மெல்ல எழுந்துவருகிறது. 1950இல் இந்நகரில் 18,49,568 பேர் வாழ்ந்தனர். 2020 கணக்கெடுப்பில் எஞ்சியவர்கள் 6,39,111 பேர். இந்தச் சரிவுக்குக் காரணம் தொழில் நசிவு மட்டுமன்று. நகரம் அடங்கிய வெய்ன் கவுண்டியிலும் அதை அடுத்த ஓக்லண்ட், மகோம் கவுண்டிகளிலும் சேர்த்து 1970இல் ஏறத்தாழ 42 லட்சம் பேர் இருந்தனர், 2020இல் 39.5 லட்சம் பேர். அதாவது, வட்டாரம் முழுவதும் 2.5 லட்சம் பேரை இழந்த காலத்தில் நகரம் மட்டும் 8.7 லட்சம் பேரை இழந்தது. டெட்ராய்ட்டின் குடியிருப்பு வரலாறு பெரும்பாலும் நகர எல்லையைக் கடந்து குடிபெயர்ந்தவர்களின் வரலாறே.

தனி வீடுகளின் நகரம்

1900இல் மூன்று லட்சத்துக்கும் குறைவாக இருந்த மக்கள்தொகை 1930இல் 15.7 லட்சத்தைத் தொட்டது. ஹென்றி ஃபோர்டு 1914இல் அறிவித்த ஐந்து டாலர் நாள்கூலி, தெற்கு மாநிலங்களின் கறுப்பினத்தவரையும் ஐரோப்பியக் குடியேறிகளையும் இழுத்துவந்தது. நியூயார்க்கைப் போல இங்கே அடுக்குமாடிகள் பெருகவில்லை. மரத்தாலும் செங்கல்லாலும் ஆன, சிறு தோட்டம் வைத்த தனி வீடுகளே தெருத்தெருவாக எழுந்தன. நகரமும் பக்கத்துக் கிராமப் பகுதிகளை இணைத்துக்கொண்டே போய் ஏறத்தாழ 360 சதுர கிலோமீட்டருக்கு விரிந்தது. இந்த இணைப்பு 1926இல் நின்றது. வடக்கே எய்ட் மைல் சாலை எல்லையாக நிலைத்தது. ஃபோர்டின் தொழிற்சாலை இருந்த ஹைலண்ட் பார்க்கும், ஹாம்ட்ராம்க்கும் நடுவிலேயே தனி நகராட்சிகளாக நின்றுவிட்டன. அதற்குப் பிறகு எல்லைக்கு வெளியே எழுந்த ஒவ்வொரு வீட்டின் வரியும் வேறு ஒரு நகராட்சிக்குச் சேர்ந்தது.

கடனும் நிறமும்

1934இல் நிறுவப்பட்ட கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வீட்டுக் கடன்களுக்குக் காப்புறுதி அளித்தது. நீண்ட தவணையில் வீடு வாங்கும் வாய்ப்பு உழைப்பாளிக் குடும்பங்களுக்கும் கிடைத்தது. ஆனால் கறுப்பினத்தவர் வாழும் பகுதிகள் ஆபத்தானவை என்று சிவப்பு நிறத்தில் குறிக்கப்பட்டன. அங்கே கடன் கிடைப்பது அரிதாயிற்று. 1941இல் நகரின் வடமேற்கில் வெள்ளையருக்கென வீட்டு மனைகள் பிரித்த ஒருவருக்கு, கறுப்பினத்தவர் குடியிருப்பு அருகில் இருந்ததால் அக்காப்புறுதி மறுக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே ஆறடி உயரத்தில், சுமார் 800 மீட்டர் நீளத்துக்கு அவர் சுவர் எழுப்பிய பிறகே அது கிடைத்தது. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது. கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்கக் கூடாது என்ற பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்குரிய வழக்குகளுள் ஒன்று டெட்ராய்ட்டைச் சேர்ந்தது. ஆயினும் வீட்டு விற்பனையில் நிறப் பாகுபாட்டைச் சட்டம் தடைசெய்தது 1968இல்தான். புதிய புறநகரங்கள் பலவும் அதற்குள் உருவாகி முடிந்திருந்தன.

வெளியேற்றம்

மக்களோடு வேலையும் வெளியேறியது. 1947க்கும் 1963க்கும் இடையில் நகரம் ஏறத்தாழ 1.34 லட்சம் தொழிற்சாலை வேலைகளை இழந்தது. ஒரே தளத்தில் நீண்டு பரந்த புதிய ஆலைகளுக்குப் புறநகரில்தான் நிலம் கிடைத்தது. 1954இல் சவுத்ஃபீல்டில் விக்டர் குரூன் வடிவமைத்த நார்த்லண்ட் வணிக வளாகம் திறக்கப்பட்டது. 1956இல் வாரன் நகரில் ஜெனரல் மோட்டார்ஸின் தொழில்நுட்ப மையம் வந்தது. ஓக்லண்ட் கவுண்டியின் மக்கள்தொகை 1950இல் 4 லட்சம். 2000இல் 12 லட்சம்.

நகருக்குள் நெடுஞ்சாலைகள் குடியிருப்புகளை அறுத்துச் சென்றன. கறுப்பினத்தவரின் வணிகத்துக்கும் இசைக்கும் பெயர்பெற்ற ஹேஸ்டிங்ஸ் தெருவும் பிளாக் பாட்டம் பகுதியும் இடிக்கப்பட்டு, அவ்வழியே கிரைஸ்லர் விரைவுச்சாலை போடப்பட்டது. இடித்த நிலத்தின் ஒரு பகுதியில், நடுத்தர வர்க்கத்தை நகரிலேயே தக்கவைக்க மீஸ் வான் டெர் ரோவின் வடிவமைப்பில் லஃபாயெட் பார்க் எழுந்தது. 1967 ஜூலைக் கலவரத்தில் 43 பேர் இறந்தனர். வெள்ளையர் வெளியேற்றம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. கலவரம் அதை விரைவுபடுத்தியது. பள்ளிகளில் இனக் கலப்பைக் கொண்டுவரும் திட்டத்தில் புறநகர்ப் பள்ளி மாவட்டங்களைச் சேர்க்க முடியாது என்று 1974இல் மில்லிகன் எதிர் பிராட்லி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் எல்லைக்கு அப்பால் வீடு வாங்குவது வேறு பள்ளியை வாங்குவதற்கும் ஒப்பாயிற்று.

வட்டாரத்தின் மக்கள்தொகை வளராமலிருந்தும் புறநகரில் வீடு கட்டுவது நிற்கவில்லை. தேவைக்கு மேல் கட்டப்பட்ட ஒவ்வொரு புதிய வீடும் எங்கோ ஒரு பழைய வீட்டைக் காலியாக்கியது. சங்கிலியின் கடைசிக் கண்ணி நகருக்குள் இருந்தது. இந்த வாதத்தைப் பொருளியலாளர் ஜார்ஜ் கால்ஸ்டர் 2012இல் வெளியான தமது நூலில் விரித்துரைத்தார். ஆள் குறைந்தாலும் சாலை, குழாய், தெருவிளக்கு ஆகியவற்றின் நீளம் குறையவில்லை. எஞ்சியவர்கள்மீது வரி ஏறியது. அது மேலும் பலரை வெளியேற்றியது.

திவாலும் மீட்சியும்

2008இன் கடன் நெருக்கடியில் ஆயிரக்கணக்கான வீடுகளை வங்கிகள் கைப்பற்றின. விலை சரிந்த பிறகும் வரி மதிப்பீடு அதற்கேற்பக் குறையாததால், சொத்து வரி கட்ட இயலாமல் வீட்டைப் பறிகொடுத்தவர்கள் பலர். 2013 ஜூலை 18இல் சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு நகரம் திவால் மனு கொடுத்தது. 2014 டிசம்பரில் அதிலிருந்து மீண்டது. பாழடைந்தவை, பாழடையும் நிலையில் உள்ளவை என 84,641 கட்டடங்களும் மனைகளும் 2014இல் பட்டியலிடப்பட்டன. பொது அமைப்பான டெட்ராய்ட் நில வங்கி, இடிக்க வேண்டியவற்றை இடித்து, மீட்கக்கூடியவற்றை ஏலம் விட்டது. வீட்டுக்கு அடுத்த வெற்று மனையை அவ்வீட்டுக்காரருக்கே 100 டாலருக்குக் கொடுத்தது.

புறநகரில் இருந்தவை சில நகருக்குள் வந்தன. வீட்டுக் கடன் வழங்கும் குவிக்கன் லோன்ஸ் நிறுவனம் 2010இல் லிவோனியாவிலிருந்து நகர மையத்துக்கு வந்தது. பிஸ்டன்ஸ் கூடைப்பந்து அணி 2017இல் ஆபர்ன் ஹில்ஸிலிருந்து திரும்பியது. 1988இல் மூடப்பட்ட மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஃபோர்டு நிறுவனம் 2018இல் வாங்கிப் புதுப்பித்து, 2024இல் திறந்தது. நகரின் மக்கள்தொகை 2023இல் கூடியதாக, 1957க்குப் பிறகு முதன்முறையாக, கணக்கெடுப்புத் துறையின் மதிப்பீடு காட்டியது.

புதிய அடுக்குமாடிகள் பெரும்பாலும் நகர மையத்தையும் அதை அடுத்த மிட்டவுன் பகுதியையும் ஒட்டியே எழுகின்றன. மற்ற பகுதிகள் பலவற்றில் வீட்டைக் கட்டவோ பழுதுபார்க்கவோ ஆகும் செலவு அதன் சந்தை விலையைவிட அதிகம். அதனால் வங்கிக் கடன் கிடைப்பது கடினம். வரிச் சலுகையோ மானியமோ இன்றிக் கட்டுமானம் பெரும்பாலும் நடப்பதில்லை. வெற்று நிலத்துக்கு வரியைக் கூட்டி, வீடுகளுக்குக் குறைக்கும் 2023ஆம் ஆண்டுத் திட்டம் மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேறவில்லை.

எல்லையின் இன்றைய நிலை

பழைய புறநகரங்களும் நகரின் வழியில் வந்துகொண்டிருக்கின்றன. கறுப்பின நடுத்தர வர்க்கம் பெருமளவு குடியேறிய சவுத்ஃபீல்டில் நார்த்லண்ட் வளாகம் 2015இல் மூடப்பட்டது. மாறாக, ராயல் ஓக், ஃபெர்ண்டேல் போன்ற புறநகரங்கள் கடைத்தெருவும் நடைபாதையும் கொண்ட நகர வாழ்வை விற்கின்றன. எல்லையைக் கடந்த ஒத்துழைப்பும் சிலவற்றில் உண்டு. டெட்ராய்ட் கலைக்கூடத்துக்கான சொத்து வரியை மூன்று கவுண்டி வாக்காளர்களும் 2012இல் ஏற்றனர். குடிநீர் வழங்கல் 2016இல் பொது ஆணையத்தின் கீழ் வந்தது. பொதுப் போக்குவரத்துக்கான வரியோ அதே ஆண்டு வாக்கெடுப்பில் நூலிழையில் தோற்றது. பள்ளி, சொத்து வரி, நில ஒழுங்குமுறை ஆகியவை இன்னும் அந்தந்த நகராட்சிக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. வட்டாரத்துக்குப் புதிதாக ஆள் வராதவரை, நகரில் கூடும் குடும்பங்களில் பல பக்கத்து ஊரில் குறைந்தவையாகவே இருக்கும். 1950களின் கணக்கு திசை மாறித் தொடரும்.