கைக்குள் வந்த தொலைக்காட்சி

தொலைக்காட்சி பிறந்த நாள்தொட்டு நெடுங்காலம் வீட்டுக் கூடத்தின் ஒரு மூலையில் நிலைபெற்றிருந்த பெட்டியாகவே இருந்தது. மனிதர் அதனைத் தேடிச் சென்று அதன்முன் அமர்ந்தனரேயன்றி, அஃது அவருடன் எழுந்து நடந்ததில்லை. இத்தகைய கட்டிலிருந்து வானொலியை விடுவித்தது திரான்சிஸ்டர் என்பதை வானொலி நேயர் நன்கறிவர். அதே திரான்சிஸ்டரின் துணைகொண்டு தொலைக்காட்சியையும் கையோடு கொண்டு செல்லலாம் என யப்பானியர் எண்ணினர். 1960ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் எட்டு அங்குலத் திரையுடன் தூக்கிச் செல்லத்தக்க பெட்டியொன்றை விற்பனைக்கு விட்டது. 1982இல் அந்நிறுவனமே உள்ளங்கையில் ஏந்தத்தக்க ‘வாட்ச்மன்’ என்னும் கருவியை வெளியிட்டது.

பெட்டி சிறுத்தது, ஆயின் பிணி தீர்ந்தபாடில்லை. அனலொக் முறையில் வந்த படம், ஓடும் வண்டியிலே நடுங்கியது. கட்டடங்களில் மோதித் திரும்பிய அலைகளால் ஓருருவம் ஈருருவமாய்த் தோன்றியது. பாறைக்கு எதிரே நின்று விரைந்து பேசுபவனின் நிலைமைதான் இது. முதற் சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின்மேல் விழுந்து இரண்டையும் குழப்பிவிடும். சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசினால் எதிரொலி இடைவெளியிலேயே அடங்கும். ஆனால் சொல்லவந்தது முடியப் பொழுது போய்விடும். ஆயிரம் பேர் ஆளுக்கொரு சொல்லாக, ஒரே வேளையில், ஒருவர் குரல் மற்றவர் குரலுடன் கலவாதவாறு நிறுத்திப் பேசினால் எப்படியிருக்கும்? யப்பானிய இலக்கமுறைத் தொலைக்காட்சி செய்தது ஏறக்குறைய இதுவே. படத்தையும் ஒலியையும் எண்களாக்கி, அவ்வெண்களை ஆயிரக்கணக்கான மெல்லிய அலைகளிற் பகிர்ந்து, ஒவ்வொன்றையும் ஆறுதலாக அனுப்பினர். ஐரோப்பியரும் இக்கலையை அறிந்திருந்தனர். யப்பானியரின் தனித்திறமை வேறோரிடத்தில் இருந்தது.

அங்கு ஒரு தொலைக்காட்சி அலைவரிசைக்கு உரிய அகலம் 6 மெகாஹேர்ட்ஸ். அதனைப் பதினான்கு பங்காக வகுத்து, ஒரு பங்கினை அயல் அலைவரிசைகளுக்கு இடையே வேலியாக விட்டு, எஞ்சிய 13 பங்குகளைப் பயன்படுத்தினர். இவற்றுள் 12 பங்குகள் வீட்டிலுள்ள பெரிய திரைக்கு. நட்ட நடுவிலுள்ள ஒன்றே ஒன்று கையடக்கத் தொலைபேசிக்கு. ‘வன்செக்’, அதாவது ‘ஒரு பங்கு’, என்னும் பெயர் இவ்வாறு வந்தது. சிறு கருவி ஏனைய பங்குகளை ஏறெடுத்தும் பாராமல் நடுப்பங்கை மாத்திரம் பெற்றுக்கொள்ளும். ஆதலின் அதன் மின்கலம் விரைவில் வற்றுவதில்லை. படம் 320 புள்ளி அகலமும் 240 புள்ளி உயரமும் கொண்டது; செக்கனுக்குப் பதினைந்து சட்டங்கள். அழகுக்கு இது போதாதுதான். செய்திக்கும் பந்தாட்டத்துக்கும் போதும்.

2006 ஏப்ரல் 1ஆம் திகதி இச்சேவை யப்பானில் தொடங்கியது. இதற்கெனப் புதுக்கோபுரம் எழுப்பவேண்டியதில்லை. வீட்டுக்கு ஒளிபரப்பும் கோபுரமே கைக்கும் ஒளிபரப்பியது. மாதச் சந்தாவும் இல்லை. பின்னாளில் வந்த வெற்றி தோல்விகளை எல்லாம் தீர்மானித்தது இந்த ஈற்றுச் செய்தியே எனலாம். பிரேசில் முதலிய தென்னமெரிக்க நாடுகள் இம்முறையைத் தழுவின. இலங்கை அரசாங்கமும் 2014இல் இதனையே தேர்ந்தது.

சந்தா வாங்கியோர் கதை வேறு. யப்பானும் தென் கொரியாவும் ஒரு செய்மதியைப் பங்கிட்டுக் கைக்கருவிகளுக்கு ஒளிபரப்பின. யப்பானிய சேவை 2009இலும் கொரியச் சேவை 2012இலும் மூடப்பட்டன. ஐரோப்பிய ஆணைக்குழு 2008 மார்ச்சில் டி.வி.பி.-எச். என்னும் முறையை ஆதரித்து முன்மொழிந்தது. நிகழ்ச்சியைக் கொத்துக் கொத்தாக அனுப்பி, இடையில் கருவியை உறங்கவிட்டு மின்கலத்தைக் காக்கும் நேர்த்தியான முறை அது. நேர்த்தி மட்டும் என் செய்யும்? அதற்கேற்ற கருவிகள் அரிதாயிருந்தன. காசு கொடுத்துப் பார்ப்போரும் அரிதாயினர். அமெரிக்காவில் குவல்கொம் நிறுவனம் 2007இல் தொடங்கிய ‘மீடியாபுளோ’ சேவை 2011 மார்ச் 27ஆம் திகதி நின்றது. அதன் அலைவரிசை உரிமை 192 கோடி டொலருக்கும் மேற்பட்ட விலைக்கு ஒரு தொலைபேசி நிறுவனத்திடம் சென்றது. ஒளிபரப்பினும் வெறும் அலைவரிசைக்கே மதிப்பு மிகுந்திருந்தது போலும்.

அந்தச் சேவை நிற்பதற்குப் பதினாறு நாட்களுக்கு முன்னரே, பசிபிக் பெருங்கடலின் மறுகரையில், கைத்தொலைக்காட்சிக்கு நேர்ந்த பெருஞ்சோதனை நிகழ்ந்தது. 2011 மார்ச் 11ஆம் திகதி பிற்பகல் 2 மணி 46 நிமிடத்துக்கு வடகிழக்கு யப்பானை 9.0 அளவான நிலநடுக்கம் உலுக்கியது. இலட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் நின்றது. கூடத்துப் பெட்டிகள் இருண்டன. உறவினரின் நலம் அறிய எல்லோரும் ஒரே வேளையில் தொலைபேசியை எடுத்தமையால், நிறுவனங்கள் அழைப்புகளில் 70 முதல் 95 சதவீதம் வரை மட்டுப்படுத்தின. பேச இயலாத அதே தொலைபேசி, படத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. கோபுரத்திலிருந்து பரவும் அலைக்குப் பத்துப் பேர் பார்த்தாலும் பத்து இலட்சம் பேர் பார்த்தாலும் பாரம் ஒன்றே. நெரிசல் என்பது அதற்கில்லை. தெருவில் நின்றோரும், மோட்டார் வண்டியின் சிறு திரையை நோக்கியோரும், ஆழிப்பேரலை எச்சரிக்கையை அவ்வழியே கண்டனர். கோபுரங்களுக்கு இடையூறே நேரவில்லை என்பதன்று. மின்சாரமின்றி அடங்கிய சிறு அஞ்சல் நிலையங்களும் உண்டு. மின்கலம் தீர்ந்தவர்க்குக் கைத்திரையும் இருண்டது. பாதிப்புற்ற இவாத்தே, மியாகி, புக்குஷிமா ஆகிய மூன்று மாநிலங்களுக்கும் அனலொக் ஒளிபரப்பை நிறுத்தும் நாள் 2012 மார்ச் 31 வரை தள்ளிவைக்கப்பட்டது. ஏனைய பகுதிகளில் அது 2011 யூலை 24இல் முடிந்தது.

அவ்வாறு ஓய்ந்த அலைவரிசையின் ஒரு பகுதியில் ‘நொட்டிவி’ என்னும் சேவை 2012 ஏப்ரல் 1இல் எழுந்தது. மாதம் 420 யென் கட்டணம். 2016 யூன் 30இல் அதுவும் மறைந்தது.

இலவசமான வன்செக்குக்கு இடர் வந்தது எதிர்பாராத திக்கிலிருந்து. 1950ஆம் ஆண்டின் யப்பானிய ஒலிபரப்புச் சட்டம், பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் நிகழ்ச்சிகளைப் பெறத்தக்க கருவியை ‘நிறுவியவர்’ அந்நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து கட்டணம் செலுத்தவேண்டும் என்கின்றது. வீட்டில் பெட்டி வைத்தவன் அதனை நிறுவியவனே, ஐயமில்லை. சட்டைப் பையில் தொலைபேசி வைத்திருப்பவன் எதனை நிறுவினான்? சைத்தாமா மாவட்ட நீதிமன்றம், கொண்டு திரிவது நிறுவுதல் ஆகாது என 2016 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. சாதாரண மனிதரின் செவிக்கு இதுவே பொருத்தமாய் ஒலிக்கும். டோக்கியோ மேல் நீதிமன்றம் 2018 மார்ச்சில் அதனை மாற்றி, ‘நிறுவுதல்’ என்னும் சொல்லுக்குள் கையில் வைத்திருத்தலும் அடங்கும் என்றது. 2019 மார்ச்சில் உயர் நீதிமன்றம் இப்பொருளையே உறுதிசெய்தது. கைத்தொலைக்காட்சி கருவிலும் இல்லாத நாளில் எழுதப்பட்ட ஒரு வினைச்சொல், அறுபத்தொன்பது ஆண்டுகளின் பின்னர் நடைபாதையிற் செல்பவனின் பைக்குள்ளும் நுழைந்துவிட்டது.

இதற்கிடையில், 2008இல் யப்பானுக்கு வந்த ஐபோன், வன்செக் பெறும் உறுப்பு இன்றியே மக்கள் மனத்தைக் கவர்ந்தது. மற்றைய உற்பத்தியாளரும் காலப்போக்கில் அவ்வுறுப்பைக் கைவிட்டனர். ஈற்றுத் தீர்ப்பு வெளியான ஆண்டில், அங்கு புதிதாக விற்கப்பட்ட தொலைபேசிகளிற் பெரும்பாலானவற்றில் அந்த நடுப்பங்கைப் பெறுதற்குரிய கருவியே இருக்கவில்லை.