வயசோட நூறைக் கூட்டு

எழுபது வயசா? அப்போ மேல் பிரஷர் 170 இருக்கலாம், தப்பில்லை. வயசோட நூறைக் கூட்டும் இந்தக் கணக்கு ஒரு காலத்தில் டாக்டர்களிடமே புழங்கியது. வயசாக ஆக ரத்தக்குழாய் விறைத்துப் போகும், அதில் ரத்தத்தைத் தள்ள அழுத்தம் கூடத்தான் வேண்டும், குறைத்தால் மூளைக்குப் பத்தாது என்பது வாதம். லாஜிக் பக்காவா இருக்கு இல்லையா? எங்க தொழிலில் டெஸ்ட் பண்ணாத கோடும் இப்படித்தான் இருக்கும்.

பிரஷர் மருந்தின் பலனைக் காட்டிய 1967 அமெரிக்க ஆய்வில் இருந்தது 143 ஆண்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்ததோ கீழ் எண்ணை (115–129) வைத்து. முதியவர்களில் பலருக்கு ஏறுவது மேல் எண் மட்டும்தான்.

அவர்களுக்காக நடந்தது ஷெப் ஆய்வு. 60 தாண்டிய 4,736 பேர்; மேலே 160க்குக் குறையாது, கீழே 90க்குள். பாதிப் பேருக்கு குளோர்தாலிடோன். சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் பழைய, மலிவான மாத்திரை. தேவைப்பட்டால் இன்னொரு மருந்து. மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை. 1991ல் முடிவு வந்தது: ஐந்து வருடத்தில் பக்கவாதம் போலி மாத்திரைக்காரர்களில் நூற்றுக்கு 8.2, மருந்து எடுத்தவர்களில் 5.2. வயசுக் கோளாறு என்று விட்டதில் எத்தனை பேர் முடங்கியிருப்பார்கள்!

சரி, எண்பதுக்கு மேல்? அதற்கு 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹைவெட் ஆய்வு, 3,845 பேர், இலக்கு 150/80. மருந்து எடுத்தவர்களில் மரணமே 21% குறைய, ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

ஒண்ணு கவனிங்க: மறதிநோய் உள்ளவர்களையும் நர்ஸ் பராமரிப்பு தேவைப்பட்டவர்களையும் ஹைவெட்டில் சேர்க்கவில்லை. படுத்த படுக்கையான பாட்டிக்கு இந்தக் கணக்கு அப்படியே செல்லாது.