சந்தேகத் தோமா

நேரில் கண்டால் ஒழிய எதையும் நம்பாதவரை ஆங்கிலத்தில் ‘டவுட்டிங் தாமஸ்’ என்பார்கள். இயேசுவின் பன்னிரு சீடர்களுள் ஒருவரான தோமாவின் பெயரால் வந்த வழக்கு இது. மூலக்கதை யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில் உள்ளது. உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களுக்கு முதலில் தோன்றியபோது தோமா அங்கே இல்லை. ஆணித் தழும்பில் விரலையும் விலாக் காயத்தில் கையையும் இட்டாலன்றி நம்பமாட்டேன் என்றார். எட்டு நாள் கழித்து இயேசு மீண்டும் தோன்றி, தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

தோமா தொட்டாரா? நற்செய்தி அதைச் சொல்லவில்லை. அவர் உடனே இயேசுவைத் தம் கடவுளாக அறிக்கையிட்டதை மட்டுமே சொல்கிறது. காயத்துக்குள் விரல் நுழையும் காட்சியை மக்கள் மனத்தில் பதித்ததில் ஓவியங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. கராவாஜியோ சுமார் 1601–1602இல் தீட்டிய ஓவியத்தில் இயேசுவே தோமாவின் கையைப் பிடித்துக் காயத்துக்குள் செலுத்துகிறார்.

‘சந்தேகத் தோமா’ என்ற பட்டப்பெயர் தோமாவுக்கு நியாயம் செய்யவில்லை. மற்றச் சீடர்களும் கண்ட பிறகே நம்பினார்கள். இயேசுவோடு சாகவும் போவோம் என்று முன்னர் துணிந்து சொன்னவரும் இவரே (யோவான் 11:16). அவர் தமிழகம் வந்து சென்னைப் பரங்கிமலையில் கொல்லப்பட்டார் என்பது கிறிஸ்தவ மரபு. மயிலாப்பூர் சாந்தோம் பேராலயம் அவர் கல்லறைமீது எழுந்ததாகப் போற்றப்படுகிறது.