எழுபது தீர்மானங்களும் எண்பது பவுண்டும்

புது வருஷத்துக்கு நாம எடுக்குற தீர்மானம் பொங்கல் வரைக்கும் தாங்கினாலே பெரிய விஷயம். பல பேருக்கு அது போகியிலேயே எரிஞ்சு போயிடும் :-)

ஆனா 300 வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல ஒரு பையன் தேவனுக்குப் பிரியமா வாழணும்னு 70 தீர்மானம் எழுதினான். வாரத்துக்கு ஒரு தடவை எல்லாத்தையும் படிக்கணும்னும் குறிச்சு வச்சுக்கிட்டான். பேரு ஜோனத்தன் எட்வர்ட்ஸ். 1703-ல கனெக்டிகட்டில் பிறந்தவர். 1722-லயும் 1723-லயும் இதை எழுதினப்போ வயசு 19 தான்.

என்னென்ன எழுதியிருக்கார்னு பார்த்தா மலைப்பா இருக்கு. ஒரு நொடியையும் வீணாக்கக் கூடாது. பழிவாங்கும் எண்ணத்தோட எதையும் செய்யக் கூடாது. பகுத்தறிவில்லாத ஜீவன்கள் மேல கோபமே படக் கூடாது (குதிரை முரண்டு பிடிச்சாலும்னு நான் புரிஞ்சுக்கறேன்). பெத்தவங்க மனசு நோகும்படி நடக்கக் கூடாது. ராத்திரி படுக்கும்போது அன்னிக்கு என்ன தப்பு பண்ணினோம்னு கணக்குப் பார்க்கணும். எனக்கு ரொம்பப் பிடிச்சது 24-ஆவது: பெரிய தப்பு ஏதாவது பண்ணிட்டா, அது எங்கேருந்து முளைச்சதுன்னு வேர் வரைக்கும் தேடிப் போகணும்.

வெறும் பட்டியல் போட்டா பரிசுத்தவான் ஆயிடலாம்னு அவர் நினைக்கலை. தேவனோட உதவி இல்லாம தன்னால எதுவும் முடியாதுன்னு முதல்லயே எழுதிட்டார். 1723 ஜனவரி 2-ஆம் தேதி டைரியிலயும் மனுஷர் சோர்ந்து போய் இதையேதான் புலம்பறார்.

பின்னாடி இவர் மாசசூசெட்ஸில் நார்தாம்ப்டன் ஊர்ல பெரிய போதகர் ஆனார். 1734-35-ல அங்கே ஓர் எழுப்புதல் நடந்து, கடல் தாண்டி இங்கிலாந்து வரைக்கும் பேசப்பட்டது. 1750-ல, திருவிருந்தில் யாரைச் சேர்க்கலாம்ங்கிற தகராறுல, அதே சபை இவரை வெளியே அனுப்பிடுச்சு. அந்த வாரம் முழுக்க அவர் முகத்துல துளி கடுப்பும் தெரியலைன்னு கூட இருந்து பார்த்தவர் எழுதி வச்சிருக்கார். பழிவாங்கக் கூடாதுங்கிற தீர்மானம் சும்மா இல்லை.

சரி, தலைப்புல இருக்கிற எண்பது பவுண்டுக்கு வருவோம். 1731 ஜூன்ல நியூபோர்ட் துறைமுகத்துல இவர் ஒரு கறுப்பினச் சிறுமியை விலைக்கு வாங்கினார். பேரு வீனஸ். வயசு சுமார் 14. விலை 80 பவுண்டு. விற்பனைப் பத்திரம் இன்னிக்கும் இருக்கு. 1758-ல அம்மைக்குத் தடுப்பு குத்திக்கிட்டு, அதனாலேயே அவர் இறந்தப்போ எடுத்த சொத்துக் கணக்குல டைட்டஸ்ங்கிற கறுப்பினப் பையனும் ஓர் உருப்படி!

“அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்”னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஆனா அவருக்கு யோசிக்க வாய்ப்பே வரலைன்னு சொல்ல முடியாது. அடிமை வச்சிருந்த இன்னொரு போதகரை அவரோட சபையாரே எதிர்த்தப்போ, எட்வர்ட்ஸ் அந்தப் போதகருக்குப் பரிஞ்சு ஒரு வரைவு எழுதினார். அதிலேயே, ஆப்பிரிக்காவுக்குப் போய் புதுசா ஆள் பிடிக்கிறது தப்புன்னும் சொல்றார். பாதி வழி வந்துட்டார், பாருங்க. மீதி பாதியில அவர் வீடு இருந்தது.

தினமும் ராத்திரி கணக்குப் பார்த்த மனுஷர், சாப்பாடு அளவா சாப்பிட்டோமான்னுகூடக் கேட்டுக்கிட்டவர். அந்தக் கணக்குல வீனஸ் வரவே இல்லை. தப்புன்னு ஏற்கெனவே தெரிஞ்சதைத்தான் பட்டியல் பிடிக்கும் போல. தெரியாததைக் காட்டிக் கொடுக்க வெளியிலேருந்து யாராவது வேணும்.

கதை இதோட முடியலை. எட்வர்ட்ஸ் வீட்டுல தங்கிப் படிச்ச சீடர் சாமுவேல் ஹாப்கின்ஸ், 1770-ல அதே நியூபோர்ட்டுக்குப் போதகரா போனார். அடிமைக் கப்பல்கள் கிளம்புற ஊர்ல இருந்துக்கிட்டே, 1776-ல அடிமைமுறைக்கு எதிரா புத்தகம் போட்டார். எட்வர்ட்ஸின் சொந்த மகனும் (அவர் பேரும் ஜோனத்தன்தான்) 1791-ல அடிமை வியாபாரம் அநீதின்னு நியூ ஹேவனில் பிரசங்கம் பண்ணினார். வேர் வரைக்கும் தேடிப் போற வேலையை அப்பா விட்ட இடத்துலேருந்து இவங்க எடுத்துக்கிட்டாங்க.

எழுபதையும் தூக்கிப் போடணும்னு நான் சொல்ல வரலை. 24-ஆவது இன்னமும் எனக்குப் பிடிச்சதுதான். ஆனா அதைத் தனியா உட்கார்ந்து செய்யறதைவிட, நம்மகிட்ட வேலை செய்யறவங்க, நம்ம சொல்லுக்குக் கட்டுப்பட்டவங்க கிட்ட கேட்டுட்டுச் செய்யலாம். வீனஸ்கிட்ட யாராவது கேட்டிருந்தா, 71-ஆவது தீர்மானம் என்னவா இருந்திருக்கும்?