பூங்கா இல்லாத பூங்கா நகர்

சென்னைக்கு முதன்முறையாக வந்திறங்கும் வெளியூர் அன்பர் ஒருவர், சென்ட்ரல் நிலையத்தை விட்டு வெளிப்பட்டதும் தம் கண்ணிற் படும் பெயர்ப் பலகைகளை ஊன்றிப் படிப்பாராயின், அவருக்கு ஒரு புதிர் தோன்றும். சாலையின் மறுபுறத்தே பூங்கா என்னும் பெயருடைய மின்சார ரயில் நிலையம் ஒன்று உண்டு. அதற்கு அணித்தே பூங்கா நகர் என்னும் பெயரால் பறக்கும் ரயிலுக்கு மற்றொரு நிலையம் உண்டு. அவ்வட்டாரம் முழுமைக்குமே அஃதுதான் பெயர். ஆயினும், "பூங்கா எங்கே?" என்று அவர் வழிப்போக்கரை வினவினால், இன்னது என்று சுட்டிக் காட்ட வல்லவர் அரியர். ஊர்ப் பெயர்கள் பொய் சொல்வதில்லை. சில வேளைகளில் பழைய உண்மையைச் சொல்லிக் கொண்டிருக்கின்றன. அங்கே பூங்கா இருந்தது. 116 ஏக்கர் பரப்பில், பதினொரு குளங்களோடும், வண்டிகள் உலாவருவதற்கென்று அமைந்த ஐந்தரை மைல் நீளப் பாதைகளோடும், வாத்திய மேடையோடும், விலங்குச் சாலையோடும் விளங்கிய பெரும் பூங்கா அது. மக்கள் பூங்கா என்பது அதற்கு இட்ட பெயர்.

அதனைத் தோற்றுவித்தவர் சர் சார்லஸ் டிரெவெல்யன். 1859 ஆம் ஆண்டில் கவர்னராக வந்த அவர், சென்னையில் நெடுநாள் தங்கினாரல்லர். கல்கத்தாவில் வகுக்கப்பட்ட வருமான வரித் திட்டத்தை வெளிப்படையாக எதிர்த்தமையால், மறு ஆண்டிலேயே திருப்பி அழைக்கப்பட்டார். அக்குறுகிய காலத்தில் அவர் செய்துவிட்டுப் போன காரியங்களுள் இப்பூங்கா ஒன்று. பிற்காலத்தில் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் பெற்ற பகுதி, அந்நாளிலேயே வீட்டோடு வீடு ஒட்டி மூச்சு முட்டிக் கிடந்தது. வெள்ளைக்காரக் கனவான்களுக்குக் கடற்காற்று வாங்க இடம் இருந்தது. தோட்ட வீடுகளும் இருந்தன. சந்துகளில் வாழ்ந்தவர்க்கு அவை இல்லை. அவர்களுக்காக எழுந்த பூங்கா என்பதனை அதன் பெயரே புலப்படுத்தும்.

விலங்குச் சாலையின் கதை இன்னும் சுவையானது. அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த டாக்டர் எட்வர்டு பால்ஃபர், கர்நாடக நவாபிடம் இருந்த விலங்குகளைக் கேட்டுப் பெற்று, 1855 இல் எழும்பூரில் அருங்காட்சியக வளாகத்திலேயே ஒரு விலங்குக் காட்சியை ஏற்படுத்தினார். அங்கு இடம் போதவில்லை. ஆகவே 1863 இல் அவை மக்கள் பூங்காவுக்குக் குடிபெயர்ந்தன. நகராட்சி அவற்றைப் பேணும் பொறுப்பை ஏற்றது. ஓரிடத்தில் இருந்த காட்சி ஈரிடமாகப் பிரியவே, சென்னைப் பாமரர் அவ்விரண்டிற்கும் தாமே பெயர் சூட்டிவிட்டனர். பாடம் செய்யப்பட்ட விலங்குகள் இருந்த அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்' ஆயிற்று; உயிருள்ளவை இருந்த இடம் 'உயிர்க் காலேஜ்' ஆயிற்று. ஆங்கிலேயர் கட்டிய பெரிய கட்டடம் எதுவாயினும் அது காலேஜாகத்தான் இருக்கும் என்று எண்ணினர் போலும்! இதனினும் நேர்த்தியான கலைச்சொல்லை எந்தப் புலவர் குழுவும் ஆக்கித் தந்திருக்க முடியாது என்பது என் கருத்து.

ஆண்டு இறுதியில் அப்பூங்காவில் ஒரு பொருட்காட்சி நடப்பது வழக்கம். பார்க் ஃபேர் என்றே அதனைத் தமிழ் மக்களும் வழங்கினர். கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டு வரை கடைகளும் வேடிக்கைகளும் வாண வேடிக்கையுமாக அந்த இடம் திருவிழாக் கோலம் கொள்ளும். 1886 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆம் நாள், அக்காட்சியின் ஓலைப் பந்தல்களில் தீப்பற்றியது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். புத்தாடை உடுத்துக் குழந்தை குட்டிகளோடு வேடிக்கை பார்க்கச் சென்றவர்கள் வீடு திரும்பவில்லை. அந்த நாளைப் பழங்காலத்துப் பெரியவர்கள் நெடுங்காலம் மறந்தாரில்லை. எனினும் பொருட்காட்சி அதனோடு நின்றுவிடவில்லை. பின்னும் பல்லாண்டுகள் நடந்தது. பழைய களியாட்டங்களை எண்ணி ஏங்குவோர், அந்த ஓலைப் பந்தல்களையும் ஒருகணம் நினைத்துக் கொள்வது நலம்.

தீ ஒருநாளில் செய்ததைக் காட்டிலும் கட்டடங்கள் நூறாண்டில் செய்தது மிகுதி. முதலில் விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. அதனைக் குறை சொல்வதற்கு மனம் வரவில்லை. பம்மல் சம்பந்த முதலியாரும் அவருடைய சுகுண விலாச சபையாரும் நாடகம் நடித்த அரங்கு அது. சென்னை மக்கள் சலனப் படம் என்னும் அதிசயத்தைக் கண்டு வியந்த தொடக்க காலக் காட்சிகளும் அங்கேதான் நடந்தன. 1900 இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. 1913 இல் ரிப்பன் மாளிகை தலை நிமிர்ந்தது. பின்னர், தென்னிந்திய அத்லெடிக் சங்கத்தின் திடல் இருந்த பக்கத்தில் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் அமைந்தது. 1956 ஜனவரியில் பங்கஜ் ராயும் வினூ மன்கடும் நியூஜிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டங்கள் குவித்தது அங்கேதான். இவற்றுள் எதனை வேண்டாம் என்று நாம் சொல்வோம்? ஒவ்வொன்றும் நல்லதே, ஒவ்வொன்றும் பொதுவுக்கே. அதனாலேதான் எவரும் தடுக்கவில்லை. ஒரு மூலையை இழந்த பூங்கா பின்னும் பூங்கா என்றே பெயர் பெறுகிறது. மற்றொரு மூலை போனாலும் அவ்வாறே. கடைசி மூலை எப்பொழுது போயிற்று என்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

மூர் மார்க்கெட்டைப் பற்றி இரண்டு சொல் கூறாமல் அப்பால் செல்ல இயலாது. செங்கல்லால் எழுந்த அந்தச் சிவந்த கட்டடத்தில் கிடைக்காத பொருள் இல்லை. பழைய புத்தகம், பழைய கிராமபோன் தட்டு, கிளி, புறா, வெள்ளெலி, எவரோ விற்றுப்போன மூக்குக் கண்ணாடிச் சட்டம் எல்லாம் அங்கே ஒன்றோடொன்று தோழமை பூண்டு கிடக்கும். அரைவிலைக்குக் குறைவாக வாங்கிய புத்தகங்களால் படித்து முன்னேறிய ஏழை மாணவர்கள் எத்தனையோ பேர். வெளியே மரநிழலில் ஒருவர் கீரி ஒன்றை முளையில் கட்டி, எதிரே பாம்புக் கூடையை வைத்து, இரண்டிற்கும் இதோ சண்டை விடப் போவதாக அறிவிப்பார். கூட்டம் கூடும். பேச்சு வளரும். தாயத்து விற்கும், பல்பொடி விற்கும். சண்டை மட்டும் நடவாது. சிறுவனாக நானும் மணிக்கணக்கில் கால் கடுக்க நின்றிருக்கிறேன். கூடை திறந்ததை ஒருநாளும் கண்டிலேன். நடவாத சண்டையை நாள்தோறும் புதிதாகக் காட்டிய அந்தப் பேச்சுத் திறன், கட்டணம் வாங்கும் எந்த வேடிக்கைக்கும் இளைத்ததன்று.

உயிர்க் காலேஜுக்கும் துன்பம் வந்தது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானியர் குண்டு வீசிய செய்தி கேட்டுச் சென்னை காலியாயிற்று. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் புலியும் சிங்கமும் தெருவில் திரியுமே என்னும் அச்சத்தால், விலங்குச் சாலையிலிருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். போருக்குப் பின் கூண்டுகள் மீண்டும் நிரம்பின. ஆனால் சுற்றிலும் நகரம் நெருங்கிவிட்டது. கடைசியில் வண்டலூர்க் காட்டுப் பகுதியில் அவற்றுக்கு விரிந்த இடம் கிடைத்தது. அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 1985 ஜூலையில் திறக்கப்பட்டது. விலங்குகளைப் பொறுத்தவரை இஃது இறக்கமன்று, ஏற்றமே. அதே ஆண்டு மே மாதம் 30 ஆம் நாள் மூர் மார்க்கெட் எரிந்து போயிற்று. அவ்விடத்தில் புறநகர் ரயில்களுக்கான நிலையக் கட்டடம் எழுந்தது. கடை இழந்த வணிகர்களுக்கு மாற்றிடமாக அல்லிக்குளம் வளாகம் கட்டப்பட்டது. பதினொரு குளங்களுள் ஒன்றின் பெயர் இவ்வாறு கடைக் கட்டடத்தின் மேல் ஏறிக் கொண்டது.

நிற்க. இனிக் கிண்டிக்குச் செல்வோம்.

அங்கே குதிரைப் பந்தயம் தொடங்கிய ஆண்டு 1777 என்பர். மூன்றாண்டு கழித்து ஹைதர் அலியின் குதிரைப் படை சென்னையின் எல்லை வரை வந்து ஊர்களுக்குத் தீயிட்டது. பந்தயக் குதிரைகளைக் காட்டிலும் விரைவாக ஓடவேண்டிய நிலை அப்பொழுது பந்தயக்காரர்களுக்கே நேர்ந்திருக்கும். போர்க்காலம் முடிந்து பந்தயம் மீண்டும் தழைத்தது. ஓடுதிடலை அடுத்து ஆடல் பாடல் விருந்துகளுக்காக ஒரு மண்டபம் இருந்தது. தாமஸ் டேனியல் என்னும் ஓவியர் அதனைப் படமாக வரைந்திருக்கிறார். 1896 இல் சென்னைப் பந்தயக் கழகம் அமைந்தது. 1945 இல் அரசாங்கம் அக்கழகத்துக்கு 160 ஏக்கருக்குச் சற்று மிகுந்த நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு அளித்தது. ஆண்டு வாடகை 614 ரூபாயும் சில்லறையும். இக்காலத்தில் ஒரு சிறு குடும்பம் அந்தத் தொகைக்குப் புறநகரில் ஒருநாள் கூடத் தங்க முடியுமா என்பது ஐயமே.

கிண்டிப் பந்தயத்தின் நினைவு சிலருக்கு இனிப்பானது. பச்சைப் புல்வெளி, பட்டுச் சட்டை அணிந்த ஜாக்கிகள், காற்றில் பறக்கும் பிடரி மயிர், கடைசி இருநூறு கஜத்தில் எழும் ஆரவாரம் ஆகியவற்றைச் சொல்லி மகிழ்வோர் உளர். நாட்டிலேயே மிகுதியான கிளாசிக் பந்தயங்களை வென்ற குதிரைகளின் உடைமையாளராகிய எம்.ஏ.எம். ராமசாமி செட்டியார் நெடுங்காலம் அக்கழகத்தின் தலைவராயிருந்தார். வேறு சிலருக்கோ அந்த நினைவு கசப்பானது. சம்பள நாளன்று ரேஸ் புத்தகத்தோடு கிண்டிக்குப் புறப்பட்டவர் இரவு நடந்தே வீடு திரும்பியதும், மறுநாள் மனைவியின் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போனதும் கதையிலும் திரைப்படத்திலும் மட்டும் கண்டவையல்ல. குதிரை ஓடியது திடலில். குடி முழுகியது தெருக்கோடி வீட்டில்.

1974 இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. சூதாட்டம் குடும்பங்களைக் கெடுக்கிறது என்பது காரணம். அதே அரசு அப்பொழுது பரிசுச் சீட்டும் நடத்தி வந்தது என்பதனைக் குறிப்பிடாமல் விடுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. அச்சீட்டு 2003 இல்தான் நின்றது. பந்தயச் சட்டமோ நீதிமன்றப் படிகளில் ஏறி, இருபதாண்டுக்கு மேல் ஆங்கேயே தங்கிற்று. குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்ததேயன்றி வெறும் சூதாட்டம் அன்று என உச்ச நீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளித்தது. குதிரைகள் ஓடின.

இங்கே ஒன்று கருதத்தக்கது. மக்கள் பூங்கா யாவருக்கும் உரியது; அதனைக் காக்க எவருமில்லை. பந்தயத் திடல் சிலருக்கு உரியது. அது கலையாமல் நின்றது. கழகத்தின் செல்வாக்கும் குத்தகைப் பத்திரமும் அதற்குக் காரணங்களே. ஆயினும் வேறொரு காரணமும் உண்டு. பந்தயப் பாதை என்பது வளைந்து சென்று தொடங்கிய இடத்திலேயே முடிவது. அதன் ஒரு மூலையில் அலுவலகம் கட்டினால் மறுநாள் குதிரை ஓட முடியாது. பூங்காவை வெட்டுவது போல அதனைச் சிறிது சிறிதாக வெட்ட இயலாது. இருந்தால் முழுதும் இருக்கும், போனால் முழுதும் போகும்.

மோட்டார்ப் பந்தயத்திற்கும் இவ்வூரில் ஒரு பழங்கதை உண்டு. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போருக்காக அமைத்த விமான ஓடுதளம் போர் முடிந்தபின் வெறுங்களமாகக் கிடந்தது. 1953 இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தார் அதிலே கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஓட்டினர். கோயமுத்தூர்ப் பட்டறைகளில் பூட்டிச் சேர்த்த வண்டிகளும் வந்தன. மகாராஜாக்களின் சீமை வண்டிகளும் வந்தன. பிப்ரவரி வெயிலில் வெட்டவெளியில் பெருங்கூட்டம் நின்று பார்த்தது. 1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ஓடுபாதை அமைந்தபின் சோழவரம் ஓய்வு பெற்றது.

2024 ஆம் ஆண்டு விசித்திரமான ஆண்டு. ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில் தீவுத்திடலைச் சுற்றியுள்ள நகரச் சாலைகளிலேயே இரவு விளக்குகளின் ஒளியில் கார்ப் பந்தயம் நடந்தது. பத்து நாள்கள் கூடக் கழியுமுன், வாடகை நிலுவை 730 கோடி ரூபாய்க்கு மேல் எனக் கூறி அரசாங்கம் கிண்டிக் குத்தகையை நீக்கித் திடலின் வாயிலுக்கு முத்திரை வைத்தது. குதிரை வெளியேறிய வாரமும் மோட்டார் ஊருக்குள் புகுந்த வாரமும் அடுத்தடுத்து வந்தன. பந்தயக் கழகத்தார் நீதிமன்றத்தை நாடினர். வழக்கு ஒருபுறம் நடக்க, மறுபுறம் மழை வெள்ளம் வேளச்சேரிப் பக்கம் பாய்வதனைத் தடுக்கத் திடலிலே குளங்கள் வெட்டப்பட்டன. அவ்விடத்திலே பசுமைப் பூங்கா ஒன்று அமைப்பதற்காகத் தோட்டக்கலைத் துறைக்கு நிலம் ஒதுக்குவதாக அதே ஆண்டு அரசாணை வெளிவந்தது. அதிலே கண்ட அளவு 118 ஏக்கர். டிரெவெல்யன் அமைத்த பூங்காவைக் காட்டிலும் அது 2 ஏக்கர் மிகுதி.